எங்களுக்கும் முழுக் கவசம் கொடுங்கள்: நாங்கள் ஆடும் கேமை உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரக்டர் வடிவமைப்பு அணிக்கும், அதன் இயக்குநருக்கும், கடைசியில் ஒப்புதல் தரும் தயாரிப்பாளர்களுக்கும்,

குளிர்கால அப்டேட்டில் நீங்கள் விட்ட கனரகக் கவசத்தைப் பற்றித்தான் இந்த மடல். பெண் கேரக்டர் அணிந்தால் அந்தக் கவசம் ஏன் பாதியாகக் குறைகிறது என்று கேமுக்குள் இருக்கும் கருத்துப் படிவத்தில் கேட்டிருந்தேன். சேர்ந்து ஆடும் என் குழுவில், அதாவது கில்டில், இன்னும் பலர் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்தது. இது எங்கள் கலைஞர்களின் முடிவு, மாற்றும் எண்ணம் இல்லை, பிடிக்காதவர்கள் ஆண் கேரக்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கேள்வியை மூடிவிட்டீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் டேங்க் ஆடுபவள். ரெய்டில், அதாவது பெரிய எதிரியைக் குழுவாகத் தாக்கும் சண்டையில், எல்லோருக்கும் முன்னால் நின்று அடி வாங்குவது என் வேலை. பாஸ் என்ற அந்தப் பெரிய எதிரியின் கோபம் முழுக்க என் மேல் இருக்கும்வரைதான் பின்னால் நிற்கும், காயம் ஆற்றும் ஹீலரும் வில்லாளியும் பிழைப்பார்கள். பெரிய கேடயம், கனத்த காலடி, எது வந்து மோதினாலும் அசையாமல் நிற்கும் உடம்பு, இதற்கு ஆசைப்பட்டுத்தான் ஒருவர் டேங்க் எடுக்கிறார். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

அந்தக் கவசத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆண் கேரக்டர் அணியும்போது இரும்பு கழுத்துவரை ஏறியிருக்கிறது. மார்புத் தகட்டின் நடுவில் ஒரு மேடு. ஈட்டி வந்து குத்தினால் வழுக்கிப் பக்கவாட்டில் போகும்படி வளைத்திருக்கிறீர்கள். தோள் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. விளிம்பெல்லாம் ரிவெட்டு. கை மடங்கும் இடத்தில் இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்த கீறல்களைக்கூட வரைந்திருக்கிறீர்கள். இடுப்புக்குக் கீழே முட்டிவரை சங்கிலி வலை தொங்குகிறது. இதைச் செய்தவர் உண்மையான கவசங்களை உட்கார்ந்து கவனித்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிகிறது. அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதே கவசத்தைப் பெண் கேரக்டருக்கு மாட்டினேன். பெயர் அதேதான். தற்காப்பு எண்ணும் எடையும்கூட மாறவில்லை. ஆனால் கழுத்துத் தகட்டைக் காணோம். மார்புத் தகடு இரண்டு கிண்ணமாகப் பிரிந்து, நெஞ்செலும்புக்கு நேராக ஒரு திறப்பு விட்டிருக்கிறது. வழுக்கி விலக வேண்டிய ஈட்டி நேராக அந்தத் திறப்புக்குத்தான் போகும். வயிற்றில் ஒன்றுமே இல்லை. சங்கிலி வலையை இரண்டு பக்கமும் நறுக்கித் தொடையைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். காலணிக்குக் குதி வந்துவிட்டது. ரிவெட்டுகளை மட்டும் விடாமல் வைத்திருக்கிறீர்கள்.

கற்பனை உலகம்தானே, டிராகன் பறக்கும் இடத்தில் கவசத்தில் மட்டும் யதார்த்தம் தேடலாமா என்று கேட்பீர்கள். இதே கேமில் கவசத்தின் எடை கூடினால் ஓடும் வேகம் குறைகிறது. பனிப் பிரதேசத்தில் சரியான உடுப்பு இல்லாவிட்டால் ஸ்டாமினா, அதாவது உடல் தெம்பு, கரைகிறது. மழையில் நனைந்த வில்லின் நாண் தளர்கிறது. இந்த உலகத்துக்கான விதிகளை எழுதியவர்கள் நீங்கள். அந்த விதிகள் எல்லா உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன். டிராகன் பறப்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது.

அப்புறம், கேமரா. கேரக்டரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஆண் டேங்க் வந்தால் கேடயத்தைத் தரையில் ஊன்றி நிற்கிறான், கேமரா அவன் முகத்தில் இருக்கிறது. பெண் டேங்க் வந்தால் கேமரா அவள் காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறது, இடுப்பில் கொஞ்சம் நிற்கிறது, கடைசியில்தான் முகத்துக்குப் போகிறது. கன்ட்ரோலரைத் தொடாமல் விட்டால் ஆண் டேங்க் தோளைச் சுழற்றி வலியை உதறுகிறான், சுற்றுமுற்றும் பார்க்கிறான். பெண் டேங்க் இடுப்பை ஒருக்களித்து நின்று கூந்தலைக் கோதுகிறாள். கையில் இரும்புக் கையுறையோடு கோதுகிறாள்! போர் நடுவில், பாஸின் அறைக்கு வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்போது என் கேரக்டர் இதைச் செய்கிறாள். அந்த நேரத்தில் அவள் என் கேரக்டராக இருப்பதில்லை, திரைக்கு வெளியே இருக்கும் வேறு யாரோ ஒருவருக்காக நிற்கிறாள்.

இதைவிட என்னை அதிகம் வருத்தியது கோட்டை முற்றுகை முடிந்தபின் வரும் கட்சீன், அதாவது நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் கதைக் காட்சி. படைத்தலைவி முற்றத்தில் நின்று இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கிறாள். நாங்கள் கூடவே நின்று போராடிய வீரர்களின் பெயர்கள் அவை. குரல் கொடுத்த நடிகை தொண்டை அடைத்துப் பேசுகிறார். ஒரு பெயரில் நின்றுவிடுகிறார், பிறகு அதை முழுசாகச் சொல்கிறார். எவ்வளவு நல்ல நடிப்பு! அந்தப் பெயர்கள் ஒலிக்கும் நேரம் முழுக்கக் கேமரா அவள் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஆண் தளபதி இதே மாதிரி பெயர் வாசிக்கும் காட்சி ஒன்று உண்டு. அங்கே அவர் கண்ணைக் காட்டினீர்கள், சுருளைப் பிடித்திருக்கும் கை நடுங்குவதைக் காட்டினீர்கள். அந்தக் காட்சியில் நான் அழுதேன். படைத்தலைவியின் காட்சியில் அழ விடாமல் செய்துவிட்டீர்கள். நீங்கள் எழுதிய கதையையே உங்கள் கேமரா கெடுக்கிறது என்பது உங்களுக்கு உறைக்கவில்லையா?

என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் கேமுக்குப் போட்டிருக்கும் வயது வரம்பில் அவளும் வருகிறாள். பனிப் பிரதேசத்துக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண் கேரக்டர்கள் தோலாடை போர்த்தி, வாயில் புகை விட்டுக்கொண்டு நடக்கிறார்கள். என் கேரக்டரைக் காட்டி, "சித்தி, இவளுக்குக் குளிராதா?" என்று கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. தன் முறை வந்தபோது, "நான் பையனாவே எடுத்துக்கறேன், அவன் டிரஸ்தான் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஆண் டேங்கை எடுத்தாள். இன்றுவரை அதைத்தான் ஆடுகிறாள்.

இந்தத் தேர்வு உங்கள் சர்வரில் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டேங்க் போன்ற கனரகக் கேரக்டர் வகுப்பில் இன்னொருவர் ஆண் கேரக்டரை எடுத்தார் என்று பதிவாகியிருக்கும். அடுத்த கூட்டத்தில் யாராவது அந்தப் பட்டியலைக் காட்டி, டேங்க் வகுப்பில் பெண் கேரக்டரை அதிகம் பேர் எடுப்பதில்லை, அதற்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும் என்று கேட்பார். ஒரு சிறுமி உங்கள் வடிவமைப்பைப் பார்த்து ஒதுங்கினாள். அந்த ஒதுக்கத்தையே ஆதாரமாக வைத்து அடுத்த வடிவமைப்பை முடிவு செய்கிறீர்கள். கடையிலும் இதே கதைதான். பெண் கேரக்டருக்கு நீங்கள் விற்கும் ஸ்கின்களில், அதாவது தோற்றத்தை மாற்றும் உடைகளில், முதல் பக்கத்தில் வருபவை, தனி அனிமேஷனும் ஒளி விளைவும் உள்ளவை எல்லாம் திறந்த உடைகள். மூடிய உடைகள் பழைய கவசத்தின் நிறத்தை மட்டும் மாற்றியவை. இரண்டையும் ஒரே உழைப்போடு செய்து ஒரே இடத்தில் வைத்துவிட்டு, அதன்பிறகு எது விற்கிறது என்று சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

மூடிய உடை விற்காது என்ற பேச்சுக்கு உங்கள் தொழிலின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. கோர் டிசைன் நிறுவனம் 1996-ல் டூம் ரெய்டர் கேமைக் கொண்டுவந்தபோது அதன் நாயகி லாரா கிராஃப்ட்டை உருவாக்கிய டோபி கார்ட், கேரக்டரின் மேல் தன் பிடி தளர்ந்ததிலும் விளம்பரங்கள் போன திசையிலும் மனம் ஒப்பாமல் 1997-லேயே விலகினார். பல வருடங்கள் அந்த விளம்பரங்களின் லாராதான் உலகத்துக்குத் தெரிந்த லாரா. 2013-ல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் அவளைப் புதிதாக வார்த்தபோது, சேறும் காயமுமாக, மலையேற வந்தவள் உடுத்தும் உடையோடு வந்தாள். அந்தத் தொடரிலேயே அதிகம் விற்ற கேம் அதுதான். 2017-ல் வந்த ஹொரைசன் ஜீரோ டானில் நாயகி ஏலாய் தோலும் கம்பளியும் உலோகத் துண்டும் தைத்த உடுப்பில்தான் கேம் முழுக்க அலைகிறாள். அது இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. மார்ட்டல் காம்பாட் தொடர் பெண் வீரர்களின் உடைகளை 2019-ல் அதிகம் மூடும்படி மாற்றியமைத்தபோது இதோடு தொடர் ஒழிந்தது என்றார்கள் சிலர். அந்த வருடத்துக் கேம் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாயகியின் உடம்பைக் காட்டும் உடைகளோடு வந்த 2017-ன் நியர் ஆட்டோமேட்டாவும் 2024-ன் ஸ்டெல்லர் பிளேடும் நன்றாகவே விற்றன. ஆக இரண்டு விதமும் விற்கிறது. சந்தை எங்கள் கையைக் கட்டிவிட்டது என்று சொல்ல உங்களுக்கு இடமில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் தேர்வைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஸ்டெல்லர் பிளேடைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. ஒரு மாடலின் உடலை ஸ்கேன் செய்து நாயகி ஈவை உருவாக்கினோம் என்று அந்தக் குழு வெளிப்படையாகவே சொன்னது. வயது வந்தவர்களுக்கான கேம், முதல் ட்ரெய்லரிலேயே அதன் இயல்பு தெரிந்துவிடும். வேண்டியவர்கள் வாங்குகிறார்கள், வேண்டாதவர்கள் விடுகிறார்கள். உங்கள் கேம் அப்படிப்பட்டதா? முற்றுகையும் இழப்பும் விசுவாசமும்தான் கதை என்று சொல்லி எங்களை அழைத்தீர்கள். நாங்கள் மாதக்கணக்கில் கேரக்டரை வளர்த்தபிறகு, ஒரு அப்டேட்டில் எங்கள் உடையைக் கழற்றினீர்கள்.

தோல் தெரிவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2009-ல் வந்த கேமின் நாயகி பேயனெட்டாவைப் பாருங்கள். அவள் உடம்பைக் காட்டுகிறாள், ஆட்டத்தோடு சண்டை போடுகிறாள், கேமரா அவள் பின்னால் ஓடுகிறது. அந்தக் கேமராவைப் பற்றி எனக்குச் சண்டை போட நிறைய இருக்கிறது. இருந்தாலும் அந்த மிடுக்கும் நக்கலும் அவள் குணத்திலேயே இருக்கின்றன. வடிவமைத்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண் கலைஞர். 2015-ன் மெட்டல் கியர் சாலிட் 5-ல் வரும் குவைட் என்பவளை எடுத்துக்கொள்ளுங்கள். குறி தவறாத துப்பாக்கி வீராங்கனை, கிட்டத்தட்டக் கேம் முழுக்கப் பேசுவதில்லை, போர்க்களத்தில் பிகினியோடு திரிகிறாள். தோல் வழியாகத்தான் அவள் சுவாசிக்கிறாள், உடை போட்டால் மூச்சு முட்டும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணம் தெரியும்போது அவமானப்படுவீர்கள் என்று 2013-லேயே இயக்குநர் ஹிடியோ கோஜிமா விமர்சித்தவர்களிடம் சொல்லியிருந்தார். காரணம் தெரிந்தபின்னும் நான் அவமானப்படவில்லை. முதலில் உடம்பை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற கதையைப் பின்னால் ஒட்டியதாகத்தான் எனக்குப் பட்டது. பேயனெட்டாவின் உடையை அவள் குணத்தை வைத்து விளக்க முடிகிறது. குவைட்டின் உடையை விளக்கப் புதிதாக ஒரு உடற்கூறே தேவைப்பட்டது. உங்கள் பெண் டேங்கின் கவசத்துக்கோ எந்தக் காரணமும் நீங்கள் எழுதவில்லை.

2016-ல் ஓவர்வாட்ச் கேம் வெளிவருவதற்கு முன்னால் அதில் வரும் ட்ரேசர் என்ற பெண் கேரக்டரின் வெற்றி போஸ் ஒன்றைப் பற்றி ஒருவர் குறை சொன்னார். முதுகைத் திருப்பி நிற்கும் அந்த போஸ் ட்ரேசரின் துறுதுறுப்புக்கும் குணத்துக்கும் ஒட்டவே இல்லை என்பதுதான் அவர் வாதம். இயக்குநர் ஜெஃப் காப்லன் அதைப் படித்துவிட்டு மாற்றுகிறோம் என்றார், மாற்றவும் செய்தார். புதிதாக வந்த போஸ் பெண்களைக் கவர்ச்சியாக வரைந்த பழைய பின்-அப் ஓவியங்களை நினைவுபடுத்தியது. ஆனால் ட்ரேசர் அப்படி நிற்பாள் என்று நம்ப முடிந்தது. கேமும் ஓஹோ என்று போனது. ஒருவர் நிதானமாகச் சொன்னதை ஒரு குழு நிதானமாகக் கேட்டது. உங்களிடம் நாங்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஆண் கேரக்டர்களும்தான் இல்லாத உடம்போடு வருகிறார்கள், அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்ற கேள்வி எப்போதும் வரும். சரி, வரட்டும். அந்தத் தோளும் புஜமும் ஆடுபவர் தனக்கு வேண்டும் என்று ஆசைப்படுகிற பலம். கோடாரியைத் தூக்கும்போது அந்தத் தசை வேலை செய்கிறது. என் டேங்கின் உடம்பில் எந்த இடம் கேடயத்தைத் தூக்குகிறது? கையைப் பாருங்கள், ஆண் கேரக்டரின் மணிக்கட்டு அளவுக்குத்தான் அவள் மேல்கை இருக்கிறது. தசையோடு ஒரு பெண்ணை வரைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2020-ன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2-ல் வந்த ஆபி சாட்சி. பெண்ணுக்கு இப்படி உடம்பு இருக்குமா என்று ஒரு கூட்டம் குதித்தது. கதையில் ஆபி செய்ததற்காகக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஆபியின் உடம்பு ஒரு விளையாட்டு வீராங்கனையின் உடம்பை மாதிரியாக வைத்துச் செய்தது. அப்படிப்பட்ட பெண்கள் நிஜத்தில் இருக்கிறார்கள். நம்ப மறுத்தவர்கள் அத்தனை வருடமாகத் திரையில் அப்படி ஒருத்தியைப் பார்த்ததே இல்லை. அதற்கு உங்கள் தொழில் பொறுப்பேற்க வேண்டும்.

செலவு என்று சொல்லாதீர்கள். 2014-ல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியின் கூட்டு ஆட்டத்தில் பெண் கேரக்டர் இல்லாததற்கு, அனிமேஷன் வேலை இரண்டு மடங்காகும் என்று காரணம் சொல்லப்பட்டது. அதே தொடரில் முன்பு வேலை பார்த்த அனிமேட்டர் ஜோனதன் கூப்பரே, ஒன்றிரண்டு நாள் வேலைதான் என்று மறுத்தார். எங்கள் விஷயத்தில் செலவுக் கணக்கு இன்னும் தலைகீழ். ஒரு கவசத்தைச் செய்துவிட்டால் அதை இன்னொரு உடம்புக்குப் பொருத்தி, மடங்கும் இடங்களில், கேரக்டரை அசைக்கும் கணினி எலும்புகளின் பிடியைச் சரிபார்த்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. நீங்கள் அதோடு விடவில்லை. தகட்டைப் புதிதாக வெட்டினீர்கள், திறந்த இடத்துக்குத் தனியாகத் தோல் வரைந்தீர்கள், மார்பு குலுங்கத் தனி எலும்புகள் வைத்து அசைவை மெருகேற்றினீர்கள். இவ்வளவு மெனக்கெட்டது கவசத்தைக் குறைக்கத்தான்.

இதனால் ஆண்கள் கெட்டுப்போகிறார்கள், வன்முறை பெருகுகிறது என்றெல்லாம் நான் வாதாடப் போவதில்லை. ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், கவர்ச்சியாக உடுத்திய மெய்நிகர் அவதாரத்தில் இருந்த பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றியே அதிகம் நினைத்தார்கள் என்று தெரிந்தது. 2022-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், தீங்குக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். தீங்கை நிரூபித்தால்தான் மரியாதை கொடுப்போம் என்று எந்த விருந்தாளியிடமும் நாம் சொல்வதில்லை. நாங்கள் உங்கள் கேமை ஆடுகிறோம், பணம் கட்டுகிறோம், எங்களையும் மனதில் வைத்துச் செய்யுங்கள் என்று கேட்க இது போதும். அமெரிக்காவில் ஆடுபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள் என்று அங்கே உள்ள கேம் நிறுவனங்களின் சங்கமே வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நிலைமை மாறியிருப்பதையும் நான் மறைக்கவில்லை. 1983 முதல் 2014 வரை வந்த கேம்களில் ஆடக்கூடிய 571 பெண் கேரக்டர்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், கவர்ச்சிப்படுத்துவது 1990-களில் உச்சத்துக்குப் போய் அதன்பிறகு குறைந்துவந்திருக்கிறது என்று 2016-ல் எழுதினார்கள். ஆனால் 1986-ல் மெட்ராய்டு என்ற கேம் என்ன செய்தது என்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அந்த விண்வெளிக் கவசம் முழுக் கவசம். கேம் முடியும்வரை உள்ளே இருப்பது பெண் என்றே தெரியாது. அதைவிடச் சிறந்த டேங்க் உடையை நான் பார்த்ததில்லை. ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவுக்குக் கவசம் கழன்று, கடைசியில் நீச்சல் உடையில் நின்றாள் அதன் நாயகி சாமுஸ், ஜெயித்தவருக்குப் பரிசாக. நீங்கள் இப்போது ஜெயிப்பதற்கு முன்னாலேயே கழற்றிவிடுகிறீர்கள்.

நான் கேள்வி கேட்டதை யாரோ கில்ட் அரட்டையிலிருந்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அதன்பிறகு ரெய்டுக்குள் மைக்கை ஆன் செய்தால் போதும், உடம்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். என் கேரக்டரின் உடம்பில் தொடங்கி என் உடம்பில் வந்து நிற்கும். கேரக்டரைக் காட்டி, இதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டு எங்களைச் சொல்கிறாயா என்று ஒருவன் சொன்னான். அந்தக் கவசத்தை அவளுக்குப் போட்டது நானில்லை. ஒவ்வொரு முறையும் புகார் செய்தேன், ஒவ்வொரு முறையும் நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது, அந்தப் பெயர்கள் மறுநாளும் ஆன்லைனில் இருந்தன. இப்போது என் கில்டில் பாதிப் பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு எழுத்தில்தான் பேசுகிறார்கள். பாஸ் அடிக்கப்போகிற நொடியில் டேங்க் எச்சரிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. எங்கள் குழு செத்துப்போகிறது, பிறகு பெண் டேங்க் என்றாலே இப்படித்தான் என்ற பேச்சு வருகிறது.

ஊடக விமர்சகர் அனிதா சர்கீசியன் 2012-ல், கேம்கள் பெண்களைக் காட்டும் விதத்தைப் பற்றி வீடியோ தொடர் செய்யப்போவதாக அறிவித்ததற்கே அவர் மேல் வசைமழை பொழிந்தது. 2014-ல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த கூட்டம், துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்ற மிரட்டலால் ரத்தானது. அவர் சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு பொழுதுபோக்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒரு பெண் கொடுத்த விலை அது. உங்கள் அலுவலகத்தில் கேரக்டர் வரையும் பெண்களும் இந்த மிரட்டல்களை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உடையைக் குறைத்தாலும் திட்டு, கூட்டினாலும் திட்டு அவர்களுக்குத்தான். இந்த மடலை எடுத்துக்கொண்டு அவர்களை யாரும் தாக்க வேண்டாம் என்று படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதல் தந்தவர்களிடம்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

குளிர்காலக் கவசத்தின் ஆண் வடிவத்தைப் பெண் கேரக்டருக்கும் அடுத்த சீசனுக்குள் கொடுங்கள். இப்போதிருக்கும் திறந்த வடிவத்தை எடுத்துவிட வேண்டாம். அது பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெண்களும் உண்டு. இரண்டு வடிவத்தையும் ஆண், பெண் இரண்டு கேரக்டருக்கும் திறந்துவிட்டு, எது வேண்டும் என்று ஆடுபவர் அமைப்புகளில் ஒரு டிக் போட்டுத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு கவசத்துக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

நிற்கும் விதம், தேர்வுத் திரையில் கேமரா போகும் விதம் இரண்டையும் வகுப்பை வைத்து முடிவு செய்யுங்கள். டேங்க் என்றால் டேங்க் மாதிரி நிற்கட்டும். முற்றுகைக்குப் பின் வரும் கட்சீனை மறுபடி படமாக்கி, பெயர் வாசிக்கும் படைத்தலைவியின் முகத்தைக் காட்டுங்கள். குரலைப் புதிதாகப் பதிய வேண்டிய தேவையே இல்லை, இருப்பது போதும்.

எது ஆடப்படுகிறது, எது விற்கிறது என்ற உங்கள் கணக்கை, சமமான கவசம் வந்தபிறகு எடுக்கும் கணக்கோடு ஒப்பிட்டு எங்களுக்கும் வெளியிடுங்கள். அதுவரை பழைய கணக்கை எந்த முடிவுக்கும் ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

கேரக்டர் ஒப்புதல் கூட்டத்தில் உங்கள் பெண் கலைஞர்களுக்கு ஒரு வடிவத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் கொடுங்கள். கனரக வகுப்புகளை ஆடும் பெண்களை வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் சேர்த்து, அவர்கள் சொன்னதையும் நீங்கள் எடுத்த முடிவையும் பேட்ச் குறிப்பில், அதாவது அப்டேட்டில் மாறியவற்றைச் சொல்லும் அறிவிப்பில், எழுதுங்கள்.

வாய்ஸ் சாட் புகார்களை ஒரு மனிதர் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பது புகார் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக, பிடிக்காவிட்டால் ஆண் கேரக்டரை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பதிலை வெளிப்படையாகத் திரும்பப் பெறுங்கள். மூடிய கேள்விகளைத் திறந்து, அடுத்த பேட்ச் குறிப்பிலேயே உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேமில் டேங்க் ஆடும் ஒரு பெண்